இடது சீட்டில் ஒரு பந்தயக்காரி

எங்கள் வீட்டில் விருந்தாளியைக் காரின் பின்சீட்டில்தான் உட்கார வைப்போம். முன்சீட்டு மரியாதைக்கான இடமல்ல, வேலைக்கான இடம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் பாதி வழி வந்துவிடும். இங்கே பர்மியச் சாலைகளில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலேறி வந்த என் வண்டி போன்றவற்றுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஓட்டுகிற நான் சாலையோரத்தில், வெற்றிலைக் கடையையும் சாக்கடையையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். சாலையின் நடுவில், எதிரே என்ன வருகிறது என்று தெரிகிற இடத்தில், என் பக்கத்து ஆள் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால் எனக்கு அந்த லாரியின் முதுகுதான் உலகம். அதற்கப்பால் இருக்கிற உலகத்தை இடது சீட்டுக்காரர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு இரண்டே சொல். ‘போ’, ‘இரு’. போகலாம்போல இருக்கு, சீக்கிரம் போனா போயிடலாம், இந்த மாதிரிப் பேச்செல்லாம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. இடது சீட்டில் தூங்கக் கூடாது. போனைத் தொடக் கூடாது. என் அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களில் மாப்பிள்ளையின் மாமா முன்சீட்டில் ஏறி, பாலம் வருமுன் குறட்டை விட்டார் என்பதற்காகவே என் அம்மா அந்தச் சம்பந்தத்தைக் கைகழுவினாள். “கண்ண மூடிக்கிட்டு ‘போ’ம்பாங்க அந்த வீட்டுல” என்றாள்.

நான் போட்டாதாங்கில், ஆற்றோரக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். படகுத்துறைக்கும் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் இருக்கிற தொழிற்சாலைகளுக்கும் இடையே காகிதங்களோடு ஓடுவதுதான் பிழைப்பு. மேசைமுன் உட்கார்ந்தால் எனக்கு எழுத வராது. பாலத்து நெரிசலில், பெட்ரோல் வரிசையில், வைப்பர் துடைக்கத் துடைக்க மறுபடி நனைகிற கண்ணாடியில்தான் வரிகள் வரும். கால் தரிக்காத குடும்பம் எங்களுடையது. அதிலும் கால் தரிக்காதவள் என் சித்தி மகள். நான் சும்மா அலைகிறேன். அவள் அலைவதையே தொழிலாக்கிக்கொண்டாள்.

ஆஸ்திரேலியாவில் கார் பந்தயம் ஓட்டுகிறாள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகிற பந்தயமல்ல. ஒரே வண்டியை மூன்று பேர் மாறி மாறி, விடியலில் தொடங்கி வெயில் உச்சிக்கு ஏறி இறங்கி நிழல் நீளும்வரை ஓட்டுகிற நெடும்பந்தயம். சிலது ஒரு பகலும் ஓர் இரவும் போகும். முந்துவதைவிட முடிப்பதுதான் பெரிது என்பாள். வண்டி உயிரோடு வீடு வந்து சேர வேண்டும். இடையில் எத்தனை பேரை முந்தினாய் என்று கடைசியில் யாரும் கேட்க மாட்டார்களாம்.

சித்தப்பா குடும்பத்தோடு பெர்த்துக்குப் போனபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அங்கே ஊருக்கு வெளியே சின்ன வண்டிகள் ஓடுகிற ஒரு தடம் இருந்தது. டயர் அடுக்கி, தரை கூட்டி, அதற்குக் கூலியாகச் சாயங்காலம் சில சுற்று ஓட்டிக்கொள்ள அனுமதி வாங்கினாள். அப்படித்தான் தொடக்கம். பிறகு பழைய கார்களின் பந்தயம், பிறகு கொஞ்சம் நல்ல கார்களின் பந்தயம், பிறகு பெரிய வண்டிகள். ஆனால் பெரிய வண்டி எதுவும் அவளுடையதாக இருந்ததில்லை. வசதியுள்ள ஒரு பல் மருத்துவரோ வீடு கட்டி விற்கிறவரோ வண்டி வாங்குவார். தானும் ஓட்ட ஆசைப்படுவார். அவர் நழுவவிட்ட நேரத்தைப் பிடித்துத் தர ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும். அந்த ஆள் இவள். வெள்ளிக்கிழமை தொலைபேசி வரும், சனிக்கிழமை வேறொருவர் சீட்டில் இருப்பாள். மலேசியா, துபாய், ஜெர்மனி என்று அவள் போகாத தடமில்லை. எல்லாம் வாடகைச் சீட்டுகள்.

ஆள் குட்டை. நெட்டை மனிதர்களின் சீட்டில் உட்கார வேண்டுமே என்று அவள் உடம்புக்கு அளவாக வார்த்த ஒரு நுரை மெத்தை உண்டு. பந்தயத்தின் நடுவே ஆள் மாற்ற வண்டி உள்ளே வந்து நின்றதும் ஒருவர் இறங்குவார். இவள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அதைச் சீட்டுக்குள் திணித்துத் தானும் நுழைவாள். பெட்ரோல் நிரப்பி முடிவதற்குள் பெல்ட்டும் ரேடியோ வயரும் குடிதண்ணீர்க் குழாயும் மாட்டியாக வேண்டும். அந்த அமளிக்கு நடுவில், இறங்குகிறவர் ஏறுகிறவரின் காதருகே ஏதோ கத்துவார். அதுதான் பந்தயத்தின் உயிர் என்பாள். பின் டயர் வழுக்குது. பிரேக் இழுக்குது. மூணாவது வளைவுல எண்ணெய் கொட்டிக் கெடக்கு. அவ்வளவுதான். அதை நம்பித்தான் ஏறுகிறவர் முதல் வளைவில் காலை அழுத்துகிறார். சரிபார்க்க நேரம் கிடையாது.

நாங்கள் அவளைப் பந்தயத்தில் பார்ப்பதெல்லாம் போனில்தான். கரண்ட் இருந்தால் படம் வரும். இல்லாவிட்டால் நேரம் காட்டுகிற பட்டியல் மட்டும் வரும், வரிசை வரிசையாக எண்கள். அவள் வண்டியின் வரி ஓர் இடம் மேலே ஏறினால் வீட்டில் தட்டு நிறைய பஜ்ஜி இருப்பதுபோல் ஒரு கலகலப்பு. கீழே இறங்கினால், யாரோ டயர் மாற்றத் தெரியாதவன் என்று சித்தப்பா முறை உள்ளவர்கள் எல்லாரும் ஒருமிக்கச் சொல்வார்கள். எங்களுக்கு அவள் பல காலம் ஒரு வரியாகத்தான் இருந்தாள், ஏறி இறங்கும் ஒரு வரி. கவிதை எழுதுகிறவளுக்கு அதுவே போதும்.

இந்த ஆண்டு தொடங்குமுன் அந்த வரிக்கு ஒரு நிலையான இடம் கிடைத்தது. நல்ல அணி ஒன்று முழுப் பருவத்துக்கும் அவளைக் கேட்டிருந்தது. வாடகைக்கல்ல, அவளுக்கென்றே ஒரு சீட்டு. நாற்பதைத் தொடப்போகிறவளுக்கு இது வருவது, கடைசிப் பேருந்து போன பிறகு இன்னொரு கடைசிப் பேருந்து வருவதுபோல. முதல் பந்தயம் பிப்ரவரியில். அதற்கு முன், ஒவ்வோர் ஆண்டும் போல, பொங்கல் வாரத்துக்கு எங்களிடம் வந்தாள்.

வருவது பொங்கலுக்கு மட்டுமல்ல. கியாக்தான் ஊருக்குப் போகிற சாலையில் ஒரு முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. தமிழர்கள் மட்டுமல்ல, பர்மியர்களும் புது வண்டி எடுத்தால் அங்கேதான் முதலில் கொண்டுபோவார்கள். வண்டி முனியை மூன்று முறை கும்பிட வேண்டும். மெல்ல முன்னே உருட்டிச் சட்டென்று பிரேக் பிடித்தால் அதன் மூக்கு தாழும். பின்னே எடுத்து மறுபடி. மூன்று தாழ்ச்சி, மூன்று கும்பிடு. அதன் பிறகு சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். இவளுடைய வண்டியோ கடல் கடந்து இருக்கிறது. முதல் பெரிய பந்தயத்தின்போது சித்தி வேண்டிக்கொண்டாள்: மகளின் கையுறையை முனியிடம் வைத்து, அவள் வண்டிக்குப் பதிலாக என் வண்டி கும்பிடும் என்று. அன்று தொடங்கி ஆண்டுதோறும் என்னுடைய கிழட்டு ஜப்பான் வண்டி, அவளுடைய பல கோடி பெறுமான வண்டிக்காகத் தலை வணங்கி வருகிறது. அது என்னவோ, என் வண்டிக்கென்று இதுவரை ஒரு கும்பிடும் போட்டதில்லை.

வந்த அன்று காலையிலேயே டீயைக் குவளைக்கு வெளியே ஊற்றினாள். பயணக் களைப்பு என்றாள். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

கோயிலுக்குக் கிளம்பும்போது கதவைத் திறந்து இடது சீட்டில் ஏறிக்கொண்டாள். ஆண்டுதோறும் அப்படித்தான். ஐரோப்பாவில் கட்டுகிற பந்தய வண்டிகளுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். அதனால் இது தனக்குப் பிறந்த வீட்டுச் சீட்டு என்பாள். பெல்ட் போட்டதும் என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தாள். நான் பிரேக் மிதிப்பது கோபித்துக்கொண்ட புருஷனை மிதிப்பதுபோல் இருக்கிறதாம். எனக்குப் புருஷன் இல்லாததால் எல்லாம் பிரேக்குக்குப் போகிறதாம். நானும் விடவில்லை. எல்லாரும் ஒரே பக்கமாக வட்டமடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் பந்தயம் என்றால், எங்கள் ஊர்ப் பேருந்துக்காரர்களுக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

“அவங்களுக்குப் பேரு வேற. அவங்க கடவுள்” என்றாள்.

பாகோ ஆற்றுப் பாலத்தில் வழக்கம்போல் ஊர்ந்தோம். சோதனைச் சாவடியில் கண்ணாடியை இறக்கி முகம் காட்டினோம். தன்லியினில் தொழிற்சாலைப் பேருந்துகளின் வாலைப் பிடித்துப் போய், ஊர் முடிந்து வயல் தொடங்கியதும் சாலை ஒல்லியானது. அறுப்பு முடிந்த வயல்கள். வைக்கோலின் வெயில் வாசனை. குளிர்காலத்து மஞ்சள் புகை தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. முன்னால் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று, ஒவ்வொரு பள்ளத்திலும் தன் நீளமான வாலை என் கண்ணாடிக்கு முன் ஆட்டியபடி போய்க்கொண்டிருந்தது.

வேறு யாராவது இடது சீட்டில் இருந்தால், ‘போ’ என்று சொன்ன பிறகும் நான் ஒரு காரியம் செய்வேன். வண்டியின் மூக்கைக் கொஞ்சம் நடுச்சாலைக்கு நீட்டி, நானே ஒருமுறை பார்த்துக்கொள்வேன். இந்தச் சாலையில் ஓட்டுகிற எல்லாரும் செய்வதுதான். சொன்னவர் மனம் நோகாமல் செய்ய வேண்டிய சின்னத் துரோகம். அவளிடம் மட்டும் நான் அதைச் செய்ததில்லை. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் இடைவெளி பார்க்கிற கண் அது. அதைச் சரிபார்க்க நான் யார்?

அவள் இடப்பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். “போ” என்றாள்.

போனேன்.

எதிரே செங்கல் லாரி. தூரத்தில் இல்லை. மிக அருகில், ஓட்டுநரின் வாயிலிருந்த சுருட்டுக்கூடத் தெரிகிற அருகில். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே வந்தது. நான் பிரேக்கைப் புருஷனைப்போலத்தான் மிதித்தேன். மூங்கில் வால் என் கண்ணாடியை உரச, வலப்பக்கம் ஒடித்து மறுபடி லாரியின் பின்னால் நுழைந்தேன். வலப்பக்கச் சக்கரங்கள் மண்ணில் இறங்கிக் கூழாங்கல் தெறித்தது. செங்கல் லாரி அவள் பக்கத்துக் கதவை ஒட்டி ஒரு சூடான காற்றாகக் கடந்து போனது. மோதியிருந்தால் அவள் பக்கம்தான் முதலில்.

ஓரமாக நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கத்தவில்லை. கையைக்கூட நெஞ்சில் வைக்கவில்லை. மூங்கில் லாரி சின்னதாகிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பாத்தேன்க்கா” என்றாள். “பாத்துட்டுத்தான் சொன்னேன். அது தூரத்துல இருந்துச்சு.”

கியரைப் போட்டேன். அதன் பிறகு கோயில்வரை எதையும் முந்தவில்லை. ஒரு மாட்டு வண்டியின் பின்னால்கூட ஊர்ந்தே போனோம். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

கோயிலில் பூசாரி அவளுக்காகவே காத்திருந்தவர்போல் எழுந்து வந்தார். அவரும் போனில் பந்தயம் பார்க்கிறவர். கடந்த ஆண்டு மூன்றாவதாக வந்ததில் அவருக்கு இன்னும் வருத்தம்.

“என்னா பாப்பா, மூணாவதோட நின்னுட்டியே. முனி என்னா பண்ணுவாரு? டயரு மாத்தத் தெரியாதவனுங்கள வேலைக்கி வச்சிக்கிட்டா அவரா வந்து மாத்த முடியும்?”

அவள் சிரித்தாள். வழக்கமான சிரிப்புதான். கையுறைகளை மஞ்சள் துணியில் முடிந்து வண்டியின் முகப்பில் கட்டினோம். கும்பிடு போடுவது எப்போதும் அவள் வேலை, ஆனால் இந்த முறை சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. நீயே போடு என்றாள். என் கிழட்டு வண்டி மூன்று முறை மூக்கைத் தாழ்த்தியது. தாழ்கிறபோதெல்லாம் கையுறைகள் முன்னே ஆடி மறுபடி பின்னே வந்தன, யாரோ இரண்டு கையாலும் கும்பிடுவதுபோல. இரண்டு எலுமிச்சை சக்கரத்தடியில் நசுங்கின. மூன்றாவதைப் பூசாரி சாமி காலில் வைத்து எடுத்துவந்து, ஆண்டுதோறும் செய்கிறபடி, பத்தடி தள்ளி நின்று அவளை நோக்கி வீசினார். அவள் பிடிப்பாள். அது எங்களுக்கெல்லாம் ஒரு விளையாட்டு. திரும்பி நிற்கும்போது வீசினால்கூடப் பிடித்துவிடுகிறவள்.

கை காற்றை மூடியது. பழம் அதற்குப் பிறகுதான் வந்தது. தோளில் பட்டு உருண்டு போனது.

பூசாரி இன்னொரு பழத்தை எடுத்தார். இம்முறை வீசவில்லை. நடந்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. டீ, செங்கல் லாரி, எலுமிச்சை. மூன்றும் ஒரே வாக்கியத்தின் சொற்கள்.

கியாக்தானில் படகுத்துறைக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். ஆற்று நடுவே தீவிலிருக்கிற புத்த பகோடாவுக்குப் போகிற படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. கடைக்கார பர்மிய அம்மாள் டீயை வைத்துவிட்டு, இவள்தானே அந்த வண்டி ஓட்டுகிறவள் என்று என்னிடம் பர்மியில் கேட்டாள். ஆமாம் என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று அடுத்து கேட்டாள். வண்டியோடுதான் ஆகியிருக்கிறது என்று இவளே பர்மியில் பதில் சொன்னாள். பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன பர்மி, கொஞ்சம் மழலை கலந்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போனாள். சிரிப்பு அடங்குவதற்குள் நான் கேட்டேன்.

“எந்தக் கண்ணு?”

“இடது.”

ஆஸ்திரேலியாவின் கடந்த குளிர்காலத்திலிருந்து என்றாள். எப்படி நடந்தது என்று சொல்லும்போதுதான் அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. தடத்தில் அல்ல. எந்தச் சுவரிலும் மோதி அல்ல. டயர் ஏற்றிய வண்டியில் கட்டியிருந்த ரப்பர் கயிற்றின் கொக்கி தெறித்துக் கண்ணில் பட்டது. இத்தனை ஆண்டு நெருப்புக்கும் இரும்புக்கும் தப்பித்து வந்தவளை, கடையில் அள்ளிப் போட்டு விற்கிற ஒரு கொக்கி பிடித்துக்கொண்டது. வெளியே சொல்லவே வெட்கமாக இருந்ததாம். ஆண்டு முடிகிறபோதுதான் மருத்துவரிடம் போனாள்; அவர் பார்த்துவிட்டுக் கண்புரை வளர்கிறது என்றார். எடுத்துவிட்டு உள்ளே புது வில்லை வைக்கலாம், பார்வை திரும்பும், ஆனால் பந்தயத்துக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அந்தச் சில மாதங்கள்தான் முழுப் பருவம். அவளுக்கென்று முதன்முதலாக வந்த சீட்டு. பருவம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம், அதுவரை வலது கண் இருக்கிறது என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். அணிக்குச் சொல்லவில்லை. சித்திக்கும் சொல்லவில்லை.

“ஓட்ட முடியுதா?” என்றேன்.

அதுதான் வேடிக்கை என்றாள். ஓட்ட முடிகிறது. பயிற்சி ஓட்டங்களில் சுற்று நேரம் கூடவே இல்லை. எந்தப் பலகைக்கு நேரே பிரேக், எந்தக் கோட்டுக்கு நேரே திரும்புவது என்று உடம்புக்கே தெரியும்.

“அங்க யாரும் எதுத்தாப்புல வர மாட்டாங்கக்கா. எல்லாரும் ஒரே பக்கந்தான் போறாங்க. அதான் எனக்கே தெரியாமப் போச்சு. இன்னிக்கி ஒங்க ரோட்டுலதான் தெரிஞ்சிச்சு.”

படகு ஒன்று புறப்பட்டது. அதன் அலை துறையின் மரத்தூண்களில் வந்து மெல்லத் தட்டிவிட்டுப் போனது. அவள் டீயைத் தொடவில்லை. எனக்குச் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. சொல்லக் கூடாது என்றும் தெரிந்திருந்தது. இது அவள் எடுக்க வேண்டிய முடிவு, நானோ பின்சீட்டு விருந்தாளி. நல்ல வேளையாக அவளே கேட்டாள்.

“நான் போன்னு சொன்னப்ப, நீ கொஞ்சம் மூக்க நீட்டிப் பாத்தியா?”

“இல்ல.”

“ஏன் பாக்கல? நீ எப்பவும் பாப்பியே. மாமா சொன்னாக்கூடப் பாப்பியே.”

“நீ சொன்னியே” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எந்தக் கண்ணால் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு அணியைப் பற்றிப் பேசினாள். அதில் இருக்கிற இளம்பெண் ஒருத்தி, இவளுக்கு அடுத்து வண்டியில் ஏறப்போகிறவள், இவள் கத்துகிற எதையும் கேட்டவுடன் நம்பிவிடுவாளாம். அக்கா அக்கா என்று அவர்கள் ஊர் மொழியில் சுற்றிவருவாளாம். “அவளும் மூக்க நீட்டிப் பாக்க மாட்டா” என்றாள். சொல்லிவிட்டு எழுந்தாள்.

டீக்கடைக்குள் சிக்னல் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துறையின் ஓரம்வரை நடந்தாள், படகுக்காரர்கள் வரிசையைத் தாண்டி, பூ விற்கிறவர்களைத் தாண்டி. நின்று பேசினாள். எனக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகுக்கு எதிரே என்ன வந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பேசும்போது அவள் இடது கை பக்கவாட்டில் மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பந்தயத்தில் நேர்ச்சாலை வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அப்படித் தளர்த்திக்கொள்வாள் என்று படத்தில் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது. சரியான வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வந்து ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தாள். நடந்ததை அப்படியே சொன்னாள். அணித் தலைவரிடம் எடுத்த எடுப்பில் கண் என்று சொல்லிவிட்டாள். கொக்கியையும் சொன்னாள். என் இடத்தில் வேறு ஆளைப் போடுங்கள், நான் இந்த வாரமே போய் அறுவைக்கு நாள் வாங்குகிறேன் என்றாள். அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்றாள். மற்றவர்களோடு பேசிவிட்டுச் செய்தி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டார். இருபது வருஷமாகத் தொலைபேசிக்குக் காத்திருந்து பிழைத்தவளுக்கு, பேசிவிட்டுச் சொல்கிறேன் என்ற சொல் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

வண்டிக்கு வந்ததும் என்முன் கையை நீட்டினாள். சாவி.

நான் தயங்கினேன். தயங்கியதை மறைக்கவும் இல்லை. இப்போது சிரித்தாள், காலையிலிருந்து முதல் முறையாக முழுச் சிரிப்பு.

“இந்த ஊருல எல்லாருமே ஒத்தக் கண்ணுலதான ஓட்டுறீங்க. இன்னொரு கண்ணப் பக்கத்துல உக்கார வச்சிருக்கீங்க. நீ ஏறி உக்காரு.”

கொடுத்தேன். அவள் சீட்டை முன்னே இழுத்தாள். ஆள் குட்டையாயிற்றே. என் சால்வையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் திணித்துக்கொண்டாள். அதுதான் அன்றைய நுரை மெத்தை. நான் சுற்றி வந்து இடது சீட்டில் ஏறினேன். சொந்த வண்டியில் அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சாலை முழுதும் என் முன்னால் விரிந்து கிடந்தது. எதிரே வருகிற ஒவ்வொன்றும் எனக்காகவே வருவதுபோல் இருந்தது. இவ்வளவையும் பார்த்துக்கொண்டா இத்தனை பேர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்?

அவள் ஓட்டுவதைச் சொல்ல எனக்குச் சொல் போதாது. என்னிடம் முனகுகிற அதே வண்டி அவள் கையில் முனகவில்லை. பிரேக்கைத் தொட்டாள், மிதிக்கவில்லை. பள்ளங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, ஆனால் எங்களுக்கு வரவில்லை. கையுறைகள் மஞ்சள் துணியில் முகப்பில் ஆடிக்கொண்டே வந்தன.

வயல்வெளிக்கு வந்தபோது ஒரு பேருந்தின் பின்னால் மாட்டிக்கொண்டோம். வாசலில் காசு வாங்குகிற ஸ்பேர் ஆள் ஒரு காலைத் தொங்கவிட்டு நின்றபடி எங்களைப் பார்த்தான். சாய்ந்து பார்த்தேன். தூரத்தில் ஒரு டிராக்டர், அதன் பின்னால் ஏதோ மறைந்து வந்தது.

“இரு” என்றேன்.

இருந்தாள். விரல் நுனியால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு, பேருந்தின் புகையைக் குடித்துக்கொண்டு இருந்தாள். முந்துவதற்கென்றே பிறந்த இரண்டு கைகள் என் ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருந்தன. டிராக்டருக்குப் பின்னால் வந்தது ஒரு லாரி. அதுவும் போனது. மறுபடி வளைவு வந்தது. மறுபடி இரு என்றேன். மறுபடி இருந்தாள். அப்போதுதான் அவளுடைய போன் மடியில் துடித்தது. படி என்றாள். இடது சீட்டில் போன் தொடக் கூடாது என்றேன். இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் சட்டம் வேறா என்று கேட்டாள். ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் படித்தேன்.

ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. சாரத்தைச் சொல்கிறேன். சொன்னதற்கு நன்றி. சொல்லாமல் இருந்து வேறு வழியில் தெரிய வந்திருந்தால் இந்த உரையாடலே இருந்திருக்காது. முதல் பந்தயங்களுக்கு வேறு ஆள். சீட்டைக் காலியாக வைத்திருக்க முடியாது, வாக்குக் கொடுக்கவும் முடியாது. கண் சரியானதும் வந்து ஓட்டிக் காட்டட்டும். அப்போது யார் வேகமோ அவருக்குச் சீட்டு. அதுவரை அந்த இளம்பெண்ணுக்கு, முதல் பந்தயம் நடக்கிற மலைத்தடத்தைச் சொல்லிக் கொடுக்க வருவாளா?

படித்து முடித்து அவள் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கும் என்று நினைத்தேன். கலங்கவில்லை. முகப்பில் தொங்கிய கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப எல்லாம் கடிகாரந்தான” என்றாள். “கடிகாரத்துக்கு நான் என்னிக்கிக்கா பயந்திருக்கேன்?”

அவள் அப்படிச் சொன்னபோது நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அந்தச் சீட்டு இன்னும் யாருடையதும் அல்ல. மருத்துவர் நாள் கொடுத்துவிட்டார். போனில் அவள் குரல் வழக்கம்போல் கிண்டலோடு வருகிறது. அந்த இளம்பெண் பிரேக் மிதிப்பது என்னைப்போலவே இருக்கிறதாம்.

அன்று, செய்தியைப் படித்த பிறகு, மறுபடி வண்டியை எடுத்தாள். தன்லியினின் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கின. முன்னால் வைக்கோல் வண்டி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் கழுத்தை நீட்டி, வைக்கோலுக்கு அப்பால், வளைவுக்கு அப்பால், சாலை வெயிலில் கரைகிற இடம்வரை பார்த்தேன். ஒருமுறை பார்த்தேன். இன்னொருமுறையும் பார்த்தேன். பூசாரி வைத்த எலுமிச்சை எங்கள் இருவருக்கும் நடுவே உருண்டு உருண்டு வந்துகொண்டிருந்தது.

“போ” என்றேன்.

மூக்கை நீட்டிப் பார்க்காமல் போனாள்.